ஃப்ளை கொக்கியின் எதிர்முள்ளை நசுக்குவது எப்படி?

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மீன் பிடிக்க எதிர்முள் இல்லாத கொக்கிதான் செல்லும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளிலும் அப்படியே. இதற்கென்று புதுக் கொக்கி வாங்க வேண்டியதில்லை. முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் குறுமுள்தான் எதிர்முள்; அதை இடுக்கியால் அமுக்கிவிட்டால் போதும்.

கொக்கியில் ஃப்ளை, அதாவது இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பூச்சி போன்ற போலி இரை, கட்டுவதற்கு முன்பே அமுக்குங்கள். உடைகிற கொக்கி வெறும் கம்பியாக இருக்கும்போதே உடையட்டும். இறகும் நூலும் சுற்றி முடித்தபின் உடைந்தால் வயிறெரியும். பல் வெட்டாத, வாய் மழமழப்பான தட்டை இடுக்கி வேண்டும். அதைக் குறுக்கே வைத்தால் விளிம்பு முள்ளின் அடியில் கத்திபோல் இறங்கி முனையை முறித்துவிடும். ஆகவே முனைக்கு நேர் எதிரிலிருந்து, முனை நீளவாக்கில் இடுக்கியின் வாய்க்குள் படுத்திருக்கும்படி பிடியுங்கள். ஒரேயடியாக நெரிக்காமல் இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்துங்கள். முறிந்த முனை தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது நல்லது. ஃப்ளை கட்டும்போது கொக்கியைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் என்ற கருவியிலேயே நசுக்குபவர்கள் உண்டு. நாளடைவில் அதன் தாடை கெட்டுப்போகும்.

பிறகு கொக்கியைப் பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் முள் இன்னும் மிச்சம் இருக்கிறது. சிக்காமல் வந்து, முள் இருந்த இடத்தில் சின்ன மேடு தெரிந்தால் அதை அராவ வேண்டாம். மீன் நழுவாமலிருக்க அது கொஞ்சம் உதவும். முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்தால் கீறல் விழ வேண்டும். வழுக்கினால் தீட்டுங்கள்.

கொக்கியின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும். 18-ஆம் எண் கொக்கியும் அதைவிடச் சிறிய கொக்கிகளும் கம்பி மெல்லியவை, அமுக்கும்போது அடிக்கடி முறியும். அந்த அளவுகளில் எதிர்முள் இல்லாமலே செய்த கொக்கியை வாங்குவதே மேல்.

மீன் மாட்டியதும் லைன் (தூண்டில் கயிறு) தொய்யக் கூடாது. எதிர்முள் இல்லாத கொக்கி பெரும்பாலும் நழுவுவது, மீன் உங்களை நோக்கி ஓடிவரும் நொடியில்தான். அப்போது ரீலைச் சுற்றிக்கொண்டிராமல் கையாலேயே லைனை வேகமாக இழுங்கள். டிரவுட் மீன் துள்ளும்போது கழியின் நுனியைச் சற்றுத் தாழ்த்தி, உடனே மறுபடி இறுக்குங்கள்.

விடுவிப்பது எளிது. கையை நனைத்து, மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்து, கொக்கியின் வளைவைப் பற்றி அது நுழைந்த வழியே பின்னுக்குத் தள்ளினால் கழன்றுவிடும்.

இதனால் மீன்சாவு வெகுவாகக் குறையும் என்று நம்பிவிட வேண்டாம். டிரவுட் குறித்த பழைய ஆய்வுகளை 1997-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஃப்ளையிலும் லூர் என்ற வேறு வகைப் போலி இரையிலும் பிடித்து விட்ட மீன்களின் சராசரிச் சாவு எதிர்முள்ளோடு 4.5 சதவீதம், இல்லாமல் 4.2 சதவீதம். உறுதியான லாபம் வேறு: கொக்கி சீக்கிரம் கழலும், உங்கள் விரலில் ஏறினாலும் ஏறிய வழியே வந்துவிடும்.