கைகுலுக்கும் படத்தோடு நின்றுபோகும் கூட்டாய்வுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையில் இரண்டு நாட்டுக் கொடிகள். துணைவேந்தரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட, பின்னால் அமைச்சர் நிற்கிறார். எல்லை தாண்டிய கூட்டாய்வுகள் பல இந்தப் படத்தோடு தொடங்குகின்றன. சில அதோடு முடிந்தும் விடுகின்றன. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் 'சேர்ந்து வேலை செய்யலாம்' என்ற விருப்பம் மட்டுமே. பணம் யார் தருவது, வேலை யார் செய்வது, கிடைப்பது யாருக்குச் சொந்தம் என்பதற்கு அதில் பதில் இருக்காது. அந்தப் பதிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரிய தவறு.

எவ்வளவு பெரியது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைக் கேட்டால் தெரியும். அங்கே சேர்ந்த ஓர் ஆய்வாளர், தன் கண்டுபிடிப்பு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு 'ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்திட்டிருந்தார். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் நுட்பம் கற்க 1989-இல் சீட்டஸ் என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போனபோது, வருகையாளர் ரகசியக் காப்புப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். அதில் 'இதன்மூலம் ஒப்படைக்கிறேன்' என்று இருந்தது. முன்னது வாக்குறுதி, பின்னது கைமாற்றம். சீட்டஸின் பிசிஆர் தொழிலைப் பின்னர் ரோஷ் என்ற மருந்து நிறுவனம் வாங்கியது. எச்ஐவி அளவைக் கணிக்கும் முறைக்கான காப்புரிமை யாருடையது என்று ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷுக்கும் நடந்த சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆய்வுக்கு அரசுப் பணமும் வந்திருந்ததால் 1980-ஆம் ஆண்டு பேய்-டோல் சட்டப்படி உரிமை தானாகவே தனக்கு வரும் என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. 2011-இல் 7-2 என்ற தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரவேற்பறையில் வாசிக்காமல் கையெழுத்திடும் படிவங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

அடுத்தது அவசர வெளியீடு. மாணவர் ஒருவர் மாநாட்டில் போஸ்டர் ஒட்டுகிறார். காப்புரிமை விண்ணப்பம் அடுத்த மாதம் போடலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவில் வெளியிட்ட பிறகு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமைக்கோ, பொதுவெளியில் வந்த அன்றே கண்டுபிடிப்பு புதுமை இழந்துவிடும். இதற்குப் பயந்து எல்லாவற்றையும் பூட்டிவைப்பதும் தவறுதான்: ஆய்வேடு சமர்ப்பிக்க முடியாமல் நிற்பவர் அந்த மாணவர். வெளியிடும் முன் நிறுவனம் எத்தனை நாளுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நாள் கணக்கில் எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

கால அளவைப் பொறுத்தவரை மூவரிடமும் மூன்று காலண்டர்கள். நிறுவனம் காலாண்டைப் பார்க்கிறது, பல்கலைக்கழகம் பிஎச்டி முடியும் ஆண்டைப் பார்க்கிறது, அரசு நிதியாண்டையும் தேர்தலையும் பார்க்கிறது. நாசாவில் தொடங்கி இன்று எங்கும் புழங்கும் 1 முதல் 9 வரையிலான தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோல் இங்கே உதவும்: 1 என்றால் அடிப்படைக் கருத்து, 9 என்றால் நடைமுறையில் நிரூபணமானது. ஆய்வகத்தில் 3-இல் இருப்பதை, 7-இல் இருப்பதாக நிறுவனம் எண்ணிக்கொண்டால் ஆறே மாதத்தில் மனக்கசப்புதான்.

அரசைப் பணம் தரும் கை என்று மட்டும் நினைப்பவர்கள் சட்டம் போடும் கையை மறந்துவிடுகிறார்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாடு பெட்டிகளுக்கு மட்டுமல்ல. மின்னஞ்சலில் போகும் வரைபடத்துக்கும் உண்டு. அமெரிக்க விதிப்படி, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை அந்நாட்டு ஆய்வகத்திலேயே இருக்கும் வெளிநாட்டவரிடம் பகிர்ந்தாலும் அது ஏற்றுமதிதான். அரசியலும் குறுக்கிடும். ஐரோப்பிய ஒன்றியத்துடன் சுவிட்சர்லாந்து நடத்திய பேச்சு 2021-இல் முறிந்ததும், ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் அந்நாடு இணைப்பு நாடாக இல்லாமல் போனது. ஆராய்ச்சியாளர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் ஒன்றிய நிதியில் கூட்டுத் திட்டங்களை ஒருங்கிணைக்கும் வாய்ப்பு கைநழுவியது. ஒரு கூட்டாளி விலக நேர்ந்தால் தரவும் கருவிகளும் யாரிடம் போகும் என்ற பிரிவைச் சேர்க்காத ஒப்பந்தங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல உறவில் இருக்கும்போது அதைப் பேசச் சங்கடம், அவ்வளவுதான்.

வரைவை வெற்றுத்தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக-நிறுவனக் கூட்டாய்வுக்கான பிரிட்டனின் லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்களும், ஐரோப்பிய ஆய்வுக் கூட்டமைப்புகள் பயன்படுத்தும் டெஸ்கா என்ற மாதிரி ஒப்பந்தமும் இணையத்தில் கிடைக்கின்றன. வழக்கறிஞரிடம் போகும் முன், ஆய்வகத்தில் வேலை செய்யப்போகிறவர்கள் ஒரு முறை உட்கார்ந்து வாசிக்கட்டும்.