ஒரு சென்ட் நிலத்தில் குதிரைவாலி: விதைப்பு முதல் சோறு வரை

குதிரைவாலி என்ற சிறுதானியத்தைப் போட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது விதையைப் பற்றித்தான். நான் முதலில் உமி நீக்கும் மில்லைத் தேடச் சொல்வேன். மதுரை மாவட்டத்தில் பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் மழையை மட்டும் நம்பி மானாவாரியில் விளைகிற பயிர் இது, வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அறுத்த தானியத்தை அரிசியாக்குவதில்தான் புதியவர்கள் திண்டாடுகிறார்கள். கடைசியில் மூட்டை கோழித் தீவனமாகிவிடும்.

1. மில்லைப் பார்த்து வையுங்கள்

சாதாரண நெல் மில்லில் இது சரிப்படாது, மணி பொடிசு. சிறுதானியம் உடைக்கிற மெஷின் வேண்டும். போய்ப் பார்க்கும்போதே, குறைந்தது எத்தனை கிலோ கொண்டுவந்தால் அரைத்துத் தருவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு சென்ட்டில் மானாவாரியாக நாலு கிலோ முதல் ஏழு கிலோ வரை கிடைக்கலாம். அதற்கு மெஷின் ஓட்ட மாட்டோம் என்றால், பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மூன்று பேராகப் போடுவது நல்லது.

2. விதை

கடையில் விற்கும் குதிரைவாலி அரிசி முளைக்காது, உமியோடு இருக்கும் தானியம்தான் வேண்டும். ஒரு சென்ட்டுக்கு 40 முதல் 50 கிராம் போதும். மானாவாரி விவசாயிகளிடம் நாட்டு விதை கேட்டு வாங்கலாம். மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண் கல்லூரி வெளியிட்ட எம்டியு 1 என்ற ரகமும் உண்டு. பாரம்பரியம் என்றால் நாட்டு விதை மட்டுமே என்று அடம்பிடிக்கிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. முதல் தடவை போடுகிறவர் எது கையில் கிடைக்கிறதோ அதைப் போடட்டும்.

3. விதைப்பு

நம் பக்கம் புரட்டாசிப் பட்டம் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, தை வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும். மொத்தம் 95 முதல் 100 நாள்.

கரிசலோ செம்மண்ணோ எதுவும் ஆகும். இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் தாக்குப்பிடிக்கும். சென்ட்டுக்கு 50 கிலோ மக்கிய சாணி எரு போட்டுக் கொத்திவிடுங்கள். விதையை மணலோடு கலந்து, ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தூவி, மேலாக்க மண் தள்ளினால் போதும். இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முளைப்பு குறைந்துபோகும்.

வரிசையாகப் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெல் வயலில் களையாக வரும் புல்லும் குதிரைவாலியும் ஒரே இனம். சின்ன வயதில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பழகிய கண்ணுக்கே கஷ்டம். வரிசை இருந்தால் அதற்கு வெளியே முளைத்ததெல்லாம் களை என்று யோசிக்காமல் பிடுங்கலாம்.

4. களையும் குருவியும்

இருபதாம் நாள் வாக்கில் ஒரு களை எடுத்து, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இருக்கும்படி நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். நாற்பதாம் நாள் இன்னொரு களை. மழை பத்து நாளைக்கு மேல் ஏமாற்றினால், கதிர் வரும் சமயத்திலாவது ஒரு தண்ணீர் விடுங்கள்.

அப்புறம் குருவி. ஊரே குதிரைவாலி போட்ட காலத்தில் குருவிகள் பரவலாக மேய்ந்தன. இன்று சுற்றிலும் யாரும் போடாத இடத்தில் உங்கள் ஒரு சென்ட் மட்டும் கதிர் பிடித்து நின்றால், மொத்தக் கூட்டமும் அங்கேதான் இறங்கும். பால் பிடிக்கும் முன்பே வலை கட்டிவிடுங்கள். வலை இல்லாவிட்டால் பழைய நூல் சேலைகூடப் போதும்.

5. அறுவடை

கதிர் பழுப்பேறியதும் அறுத்து, இரண்டு நாள் காயவைத்து, கம்பால் தட்டிச் சுளகில் புடைத்தெடுங்கள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் வெயில் போதவில்லை. தட்டையை மாடு விரும்பித் தின்னும்.

6. உமி நீக்குதல்

மொத்தத்தையும் ஒரே தடவையில் அரிசியாக்காதீர்கள். உமியோடு இருந்தால் வருஷம் தாண்டியும் கெடாது. உமி போனபின் தவிட்டில் இருக்கும் எண்ணெய் இரண்டு மாதத்துக்குள் காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும். மாதத் தேவைக்கு மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துபோகும் என்று எதிர்பார்த்துக்கொண்டே போங்கள்.

மில்லில் “ஒரு ஓட்டு போதும், பாலிஷ் வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும். லேசான சாம்பல் கலந்த பழுப்பில் வந்தால் தவிடு நிற்கிறது. பஞ்சு வெள்ளையாக வந்தால் நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டு மூட்டைக்குப் போய்விட்டது, அப்புறம் ரேஷன் அரிசியே தின்றிருக்கலாம். கால் கிலோ, அரைக் கிலோ என்றால் உரலில் குத்தலாம். மிக்சியில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று ஓட்டிப் புடைத்தாலும் வேலை ஆகும்.

7. சோறு

அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். கால் மணி நேரத்தில் வெந்துவிடும். முதல் தடவை தயிர்ச்சோறாகப் பிசைந்து மோர்மிளகாயோடு வையுங்கள், வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தீட்டிய வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் இதில் கூடுதல். கால்சியம் வேண்டுமானால் கேழ்வரகுதான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பாதீர்கள். இதிலும் மாவுச்சத்துதான் அதிகம். குழையக் காய்ச்சிய கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். பழக்கமில்லாத வயிறு என்றால் வாரத்தில் இரண்டு வேளையில் தொடங்குங்கள்.

அடுத்த புரட்டாசிக்கு விதை வாங்க வேண்டியதில்லை. இது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் பயிர், ரகம் அவ்வளவாகக் கலக்காது. அறுக்கும்போதே திரட்சியான கதிர்களைத் தனியாக எடுத்து, உமியோடு 100 கிராம், நன்றாகக் காயவைத்து வேப்பிலை போட்டு மூடி வையுங்கள்.