தீயணைப்பு நிலையம் கேட்கும்போது நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு நகருக்குள் புதிய தீயணைப்பு நிலையம் என்ற பேச்சு எழுந்தால் முதலில் வருவது ஒரு படம். கணினியில் வரைந்த மூன்று மாடி, முகப்பில் கண்ணாடி, வாசலில் புல், வரிசையாக நிற்கும் சிவப்பு வாகனங்கள். அதைப் பார்த்ததும் ஒரு பகுதியார் “இதுதான் நமக்கு வேணும்” என்பார்கள். மற்றப் பகுதியார் “கான் துப்புரவாக்கவே காசில்லாத சபைக்கு இந்த எடுப்பு எதுக்கு” என்பார்கள். இரண்டு பகுதியும் சண்டை பிடிப்பது கட்டடத்துக்காக. இந்த விடயத்திலேயே மலிவான பகுதி அந்தக் கட்டடம்தான்.

கட்டும் காசும் நடத்தும் காசும்

நம்மூர் விவாதங்களில் ஆகப் பெரிய பிழை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. இலங்கையில் தீயணைப்பு பொலிஸைப் போலக் கொழும்பிலிருந்து நடத்தப்படும் ஒரே படை அல்ல. அது பெரும்பாலும் உள்ளூராட்சி சபையின் வேலை. கட்டித்தர மத்திய அரசு வரலாம், மாகாண நிதி வரலாம், உலக வங்கியோ வெளிநாட்டுத் தூதரகமோ வரலாம். கட்டி முடித்த மறுநாளிலிருந்து விளக்கு, டீசல், ரயர், சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு எல்லாம் மாநகர சபையின் கணக்கில் விழும். அந்தக் கணக்கில் மக்கள் போடுவது சோலைவரியும் கடை வாடகையும் உரிமக் கட்டணமும்.

சம்பளத்தை ஒருதரம் கையால் கணக்குப் பார்க்கலாம். ஒரு கிழமையில் 168 மணித்தியாலம். ஒருவர் கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை செய்தால், வாகனத்தின் ஒரு இருக்கை இரவு பகலாக நிரம்பியிருக்க கிட்டத்தட்ட நாலு பேர் தேவை. சாரதி, குழுத் தலைவர், குழாய் பிடிக்க இருவர் என்று நாலு இருக்கைக்கு 15 பேர். லீவு, சுகயீனம், பயிற்சி என்று சேர்த்தால் 17 அல்லது 18 பேர். இது ஒரேயொரு வாகனத்துக்கு. படத்தில் மூன்று வாகனம் நின்றால் மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

சரி, காசு இருக்கிறது, ஆட்களை எடுப்போம் என்றால் அதுவும் சபை நினைத்த மாத்திரத்தில் நடக்காது. நிரந்தரப் பதவிகளுக்கு ஆளணி அங்கீகாரம், அதாவது இத்தனை பேரை எடுக்கலாம் என்ற அனுமதி வேண்டும். அது முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரை போய்த் திரும்ப வேண்டும். கட்டடம் எழும்புகிற வேகத்தில் கோப்பு நகராது. அதனால் அடிக்கல் நாட்ட முன்னமே ஆளணிக் கோரிக்கை போய்விட்டதா என்று கேட்பது சரியான கேள்வி. இல்லாவிட்டால் திறப்புவிழா முடிந்தபின் அந்த மூன்று மாடிக்குள் நாலு பேர் மாறி மாறித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அடிக்கல் படத்தில் நிற்க ஆள் குறைவதில்லை. ரயர் வாங்கிய பற்றுச்சீட்டோடு நின்று படம் எடுத்த அரசியல்வாதியை நான் இன்னும் காணவில்லை.

அமெரிக்கச் சிறு நகரங்கள் பலவற்றில் இப்படியொரு நிலையத்துக்குக் கடன் எடுக்க முன் ஊர் மக்களிடம் வாக்குக் கேட்பார்கள். வரி எவ்வளவு கூடும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் ஆம், இல்லை என்று சொல்வார்கள். நமக்கு அந்த வாக்குச் சீட்டு இல்லை. ஆனால் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் கிடந்த நிலைமை மாறியிருக்கிறது. கேட்க வட்டாரத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. கேட்காமல் விட்டால் அது நம்முடைய பிழை.

இனாமாக வரும் வாகனம்

இதைப் பற்றிப் பேசினால் நன்றி கெட்டவன் என்பார்கள், பரவாயில்லை. நன்கொடையாக வரும் பழைய வாகனம் நல்லதுதான், மூன்று விடயம் பார்த்தால். ஒன்று, உதிரிப்பாகம் இலங்கையில் கிடைக்குமா. இரண்டு, பம்பியைத் திருத்தத் தெரிந்தவர் இங்கே இருக்கிறாரா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா. மூன்றாவதைத்தான் எவரும் பார்ப்பதில்லை: குழாய் முனை. ஜப்பானில் பாவிக்கும் இணைப்பும் பிரித்தானிய முறை இணைப்பும் ஒன்றோடொன்று பூட்டாது. இடையில் மாற்றிணைப்பு வேண்டும். அந்தக் கைப்பிடியளவு உலோகத் துண்டு இல்லாவிட்டால், பக்கத்துச் சபை உதவிக்கு வந்து நிற்கும்போது அவர்களின் குழாயும் நம்முடைய வாகனமும் அருகருகே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“நகரின் நடுவில்” என்றால் எங்கே?

வரைபடத்தில் நடு வேறு, நேரத்தில் நடு வேறு. மட்டக்களப்புக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நகரின் மையமான புளியந்தீவு பெயருக்கேற்ற தீவு. எந்தப் பக்கத்தால் வெளியேறினாலும் பாலம். கோட்டைமுனையிலிருந்து கல்லடி, காத்தான்குடிப் பக்கம் போகவும் பாலம். 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறந்தபின் அந்த நெருக்கடி நிறையக் குறைந்தது உண்மை. ஆனாலும் பாடசாலை விடும் நேரத்தில் புனித மிக்கேல் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரிப் பக்கம் வாகனம் எடுத்தவர்களுக்குத் தெரியும், 300 மீற்றர் எவ்வளவு தூரம் என்று.

அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கம் முழுநேரப் படைகளுக்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு: அழைப்பு வந்து 80 செக்கனுக்குள் வாகனம் புறப்பட வேண்டும், முதல் வாகனம் 4 நிமிட ஓட்டத்தில் இடத்தை அடைய வேண்டும். அது நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. ஆனால் இடம் தெரிவுசெய்ய நல்ல உரைகல். முன்மொழியப்பட்ட ஒவ்வொரு காணியிலிருந்தும் தண்ணீர் நிரப்பிய பவுசர் ஒன்றைக் காலை பாடசாலை நேரத்தில், மத்தியானத்தில், இரவு எட்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். சந்தை வரை எத்தனை நிமிடம், திருகோணமலை வீதியில் எவ்வளவு தூரம், பாலத்துக்கு அங்கால் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். ஒரு நாள் டீசல் செலவோடு முடியும் வேலை இது. ஆலோசகருக்குக் கொடுக்கும் காசில் இது எந்த மூலைக்கு!

இதோடு ஒட்டி வரும் இன்னொரு பிழை, “சபைக்குச் சொந்தக் காணி சும்மா கிடக்கு, அங்க கட்டுவம்” என்பது. சும்மா கிடக்கும் காணி ஏன் சும்மா கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது பெரும்பாலும் தாழ்ந்த நிலம், அல்லது வாவிக் கரை. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. நிலையத்தின் தரையை உயர்த்திக் கட்டினால் போதாது, வாகனம் இறங்கும் வீதியும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் என்றால் நாவலடி, கல்லடி எல்லாம் 2004 டிசம்பர் 26இல் என்ன ஆயின என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வரும் நாளில் முதலில் மூழ்கும் இடத்தில் மீட்புப் படையை இருத்தக்கூடாது. கரையோரம், வாவியோரம் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும், ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் என்றால் தொல்லியல் திணைக்களத்தின் கேள்விகளும் வரும். இனாம் காணி அவ்வளவு இனாம் இல்லை.

வரைபடத்தில் பார்க்க வேண்டியவை

கண்ணாடி முகப்பை விடுங்கள். வாகனக் கொட்டகையைப் பாருங்கள். 4,000 லீற்றர் தண்ணீர் மட்டும் 4 தொன். வாகனத்தோடு சேர்ந்தால் 10 தொன்னைத் தாண்டும். சாதாரணக் கடைத் தரை போலக் கொங்கிறீற் போட்டால் இரண்டு மாரியில் வெடிக்கும்.

பின்பக்கத்தால் உள்ளே வந்து முன்பக்கத்தால் வெளியே போகும் கொட்டகைதான் நல்லது. இடமில்லை என்று ஒரே வாசல் வைத்தால், ஒவ்வொரு தடவையும் வாகனம் பிரதான வீதியில் நின்று பின்னோக்கி வரும். ஒருவர் வீதியின் நடுவில் இறங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்தக் கைக்குக் கீழால் ஒரு ஓட்டோ நுழையும், அதன் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள். சாரதி பிறேக்கை அழுத்தி, திரும்ப முன்னுக்கு எடுத்து, திரும்பப் பின்னுக்கு விடுவார். வாசலுக்கும் வீதிக்கும் இடையில் குறைந்தது ஒரு வாகனத்தின் முழு நீளமாவது முற்றம் இருந்தால் இந்தக் கூத்து இல்லை. அழகுக்காக அந்த இடத்தில் பூந்தோட்டம் வரைந்திருந்தால் வெட்டிவிடச் சொல்லுங்கள்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வழக்கமாகப் போடும் உருளைக் கதவு உப்புக் காற்றில் சீக்கிரம் கறள் பிடிக்கும். மின்சாரம் போனால் கையால் இழுக்கும் சங்கிலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய அனர்த்தம் வரும் இரவில் மின்சாரம் இருக்காது. இன்னும் முக்கியம் புயல். 1978 நவம்பர் 23 இரவை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. அகலமான கதவு காற்றில் பிய்ந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். தீயணைப்பு நிலையத்தில் பலவீனமான உறுப்பு அந்தக் கதவுதான். முகப்புக் கண்ணாடியில் மிச்சம் பிடிக்கும் காசை அங்கே போடலாம்.

அடுத்தது, பாவித்த உடுப்பை எங்கே தொங்கவிடுவது. பல இடங்களில் வாகனத்தின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே கொக்கி அடித்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையை 2012இலும், தீயணைப்புத் தொழிலையே 2022இலும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. புகை படிந்த உடுப்புக்குத் தனி அறை, கழுவ ஒரு இடம், படுக்கையறைக்கும் கொட்டகைக்கும் இடையில் மூடும் கதவு, குளித்துவிட்டு உள்ளே போகும் ஒழுங்கு. இவை ஆடம்பரப் பட்டியலில் வெட்டப்பட வேண்டியவை அல்ல. பெண்கள் பணிக்கு வரும் நாளை நினைத்து அவர்களுக்கும் தனி அறை இப்போதே வரைந்துவிடலாம். பிறகு உடைத்துக் கட்டுவது இரட்டைச் செலவு.

“தண்ணிதான் பக்கத்துல கிடக்கே”

மூன்று பக்கமும் வாவி இருக்கும் ஊரில் இந்த வசனம் இயல்பாக வரும். வாகனத்தில் இருக்கும் 4,000 லீற்றரை நிமிடத்துக்கு 1,000 லீற்றர் வீதம் அடித்தால் நாலு நிமிடத்தில் காலி. அதன் பிறகுதான் வாவி நினைவுக்கு வரும். உறிஞ்சு குழாயின் நீளம் சில மீற்றர்தான், எனவே வாகனம் கரையை ஒட்டி நிற்க வேண்டும். 10 தொன் வாகனத்தைத் தாங்கும் இறுகிய கரை எத்தனை இடத்தில் இருக்கிறது? மிச்சம் சேறும் பற்றையும், அல்லது யாரோ அடைத்த வேலி. வாவித் தண்ணீர் உவர் தண்ணீர் வேறு. அடித்து முடிந்தபின் நல்ல தண்ணீரால் பம்பியைக் கழுவாமல் விட்டால் உள்ளே அரிக்கும்.

என்னைக் கேட்டால், புதிய நிலையத்தின் ஒரு மாடியைக் குறைத்து, வாவிக் கரையில் நாலைந்து இடத்தில் வாகனம் நிற்கக்கூடிய கொங்கிறீற் மேடை போடுவேன். சந்தைக்குப் பக்கத்தில் நிலத்தடித் தொட்டி ஒன்று கட்டுவேன். நீர் வழங்கல் சபையின் பிரதான குழாய்களில் தீயணைப்பு வால்வு எங்கெங்கே இருக்கிறது, எது வேலை செய்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுச் சாரதியின் கையில் கொடுப்பேன். இது எதற்கும் நாடா வெட்ட முடியாது என்பதுதான் சிக்கல்.

இன்னும் இரண்டு

“வருசத்துக்கு எத்தனை தீ பிடிக்குது, இதுக்கு இவ்வளவு செலவா?” என்ற கேள்வி நியாயமாகத் தெரியும். ஆனால் இந்தப் படை போவது தீக்கு மட்டும் இல்லை. வீதி விபத்து, கிணறு, வெள்ளம் எல்லாவற்றுக்கும்தான். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டம் மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டதை இந்தக் கரையில் எவரும் மறக்கவில்லை. படகு, கயிறு, உயிர்காப்பு அங்கி, அவற்றைப் பாவிக்கப் பயின்ற ஆட்கள். கிழக்கில் தீயணைப்பு நிலையம் என்றால் இவை கட்டாயம் அதற்குள் அடங்கும்.

எல்லைத் தகராறும் இருக்கிறது. மாநகர சபையின் எல்லையை நெருப்பு வாசித்துப் பார்ப்பதில்லை. கல்லடியைத் தாண்டினால் காத்தான்குடி நகர சபை, வீட்டோடு வீடு ஒட்டிய ஊர். இந்தப் பக்கம் ஏறாவூர்ப் பற்று, அந்தப் பக்கம் மண்முனைப் பற்று. “எங்கட சோலைவரியில அவங்களுக்கு ஏன் ஓடணும்” என்று தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அழைப்பு வந்தால் யார் முதலில் ஓடுவது, டீசலுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று சபைகள் முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எரிந்துகொண்டிருக்கும்போது பேசும் பேச்சு அல்ல அது.

எப்படிக் கேட்பது

முகநூலில் எழுதுவதை யாரும் கோப்பில் இணைப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. “நிலையம் எப்போது வரும்” என்று கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்று வரும், அவ்வளவுதான். ஆவணத்தைக் கேளுங்கள்: முன்மொழியப்பட்ட காணிகளின் பட்டியல், ஆளணிக் கோரிக்கைக் கடிதத்தின் பிரதி, கடந்த வருடங்களில் தீயணைப்புப் பிரிவுக்கு ஒதுக்கிய மீண்டெழும் செலவு (சம்பளம், டீசல் போல நடத்தும் காசு), உண்மையில் செலவழித்த தொகை, அழைப்புப் பதிவேட்டில் புறப்பட்ட நேரமும் போய்ச் சேர்ந்த நேரமும். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் வருடக் கடைசியில் சபைக்கு வருவதால், செப்டெம்பருக்குள் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட சிட்டையை வாங்கி வையுங்கள்.