பார்வோ கிட்: கோடு பார்ப்பதும், அதன் பிறகு செய்வதும்

வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக ஒரு நாய்க்குட்டி வந்தால், என் கை முதலில் போவது பார்வோ கிட்டுக்குத்தான்; குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸை மலத்தில் கண்டுபிடிக்கும் உடனடிச் சோதனைப் பட்டை அது. அந்தச் சின்னப் பட்டைக்குள் இருப்பது மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே மாதிரியாகத் தயாரித்த எதிர்ப்புப் புரதம். பார்வோ வைரஸின் புரத ஓட்டில் ஒரே ஓர் இடத்தை மட்டும் பிடிக்கும் சமாச்சாரம்.

ஃப்ரிட்ஜில் இருந்த கிட் என்றால் அறை வெப்பத்துக்கு வரட்டும். பஞ்சுக் குச்சியை மலக்குடலுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். தரையில் கிடக்கும் நீர்க் கழிச்சலை நான் தொடுவதில்லை. நீர்த்துப்போன மாதிரியில் வைரஸ் இருந்தும் கோடு வராமல் போகலாம். கரைசலில் நன்றாகக் கலக்கி, கசடு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கசடும் சேர்ந்து போனால் பட்டை அடைத்துக்கொள்ளும்.

கிட்டோடு வரும் விளக்கத் தாளில் சொன்ன நேரத்துக்குள் பாருங்கள். கன்ட்ரோல் கோடு (கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு) வரவில்லையா, கிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுங்கள். டெஸ்ட் கோடு (வைரஸ் இருந்தால் வரும் கோடு) வெளிறித் தெரிந்தாலும் எனக்கு அது பாசிட்டிவ்தான். நேரம் கடந்து முளைக்கும் கோட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அண்மையில் தடுப்பூசி போட்ட குட்டியா என்றும் கேளுங்கள்; தடுப்பூசியின் உயிருள்ள வைரஸ் மலத்தில் வந்து மங்கலான கோடு போடுவதுண்டு.

நெகட்டிவ் வந்தால்தான் எனக்குச் சந்தேகமே அதிகம். நோயின் தொடக்கத்தில் வைரஸ் குறைவு. பிற்பாடு, குட்டியின் சொந்த ஆன்டிபாடியே வைரஸை மூடிக்கொள்ளும். கிட் பிடிக்க இடமிருக்காது. அறிகுறி இருந்தால் தனியே வைத்து, ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை (பார்வோவில் இது குறையும்) பார்த்து, மறுநாள் மறுபடி சோதியுங்கள், இல்லையேல் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் ஆய்வகச் சோதனை.

சரி, மருந்து? அமெரிக்காவில் 2023-இல் எலான்கோ என்ற கால்நடை மருந்து நிறுவனத்தின் பார்வோ மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துக்கு நிபந்தனை அனுமதி கிடைத்தது. நரம்பு வழியாக ஒரே ஊசி. வைரஸ் குடல் செல்லுக்குள் நுழையாமல் தடுக்கும். ஏற்கெனவே உரிந்துபோன குடலை அது ஒட்டவைக்காது. அதனால் நோய் உறுதியான அன்றே போடுவது நல்லது. டிரிப், வாந்தி மருந்து, பொட்டாசியம், சர்க்கரை அளவு, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி, இவற்றில் எதையும் குறைக்கக் கூடாது. ஊசி கிடைக்காத இடத்தில் குட்டியைக் காப்பாற்றுவதும் இவைதான்.

மேசையில் மலத்தை முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். சாதாரண சோப்புக்கு இந்த வைரஸ் அசையாது.