ஒரு லன்னுக்கு ரீசெட், ஆட்டம் கண்டது எல்லா சர்வரும்

ஐஸ்கசி (நெட்வொர்க் வழியே டிஸ்க் தரும் முறை) ஸ்டோரேஜில் ஒரு லன் (சர்வருக்குத் தனி டிஸ்க்காகத் தெரியும் பகுதி) தொங்கும்போதெல்லாம் அதே டார்கெட்டில் (லன்களைத் தரும் ஸ்டோரேஜ் முனை) இருக்கும் மற்ற சர்வர்களும் பிழை காட்டின. அவற்றின் லாக்கில் யூனிட் அட்டென்ஷன் (டிஸ்க்கின் நிலை மாறியதைச் சொல்லும் அறிவிப்பு), அதன் காரணக் குறியீடான ஏஎஸ்சி ஹெக்ஸில் 29, அப்படியென்றால் பவர் ஆன் அல்லது ரீசெட் நடந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், லன் தொங்கும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டில் எஸ்ஜி_ரீசெட் (லினக்ஸில் ஸ்டோரேஜ் சாதனங்களை ரீசெட் செய்யும் கருவி) இருந்தது. லன் ரீசெட் தோற்றால் அது நம்மைக் கேட்காமலே டார்கெட், பஸ் (இணைப்புத் தடம்), ஹோஸ்ட் (சர்வர் பக்க அடாப்டர்) என்று மேலே ஏறிக்கொண்டே போகும், டார்கெட் ரீசெட்டோ அங்குள்ள எல்லா லன்களிலும் யார் அனுப்பிய கட்டளையையும் விடாமல் அழித்துவிடும். பகிர்ந்த ஸ்டோரேஜில் இது பெரிய அநியாயம். லன்னை மட்டும் ரீசெட் செய்யும் டிவைஸ் ஆப்ஷனோடு, மேலே ஏறாமல் தடுக்கும் நோ-எஸ்க் ஆப்ஷனையும் சேர்த்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் ஒன்று: லன் ரீசெட்டும் அந்த லன்னைப் பகிரும் எல்லோரின் கட்டளைகளையும் கலைக்கும், அதனால் பல சர்வர்கள் பகிரும் கிளஸ்டர் டிஸ்க்குகளை ஸ்கிரிப்டிலிருந்தே எடுத்துவிட்டேன்.