மூட மறுக்கும் வாழ்த்து அட்டை: டை கட், அடுக்கு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நானே கையால் ஒரு கார்டு செய்து அனுப்பினேன். நான்கு அடுக்கு, நடுவில் டை (காகிதத்தை வடிவமாக வெட்டும் உலோக அச்சு) வைத்து வெட்டிய தாமரை, இதழ் நுனிகளில் குந்தன் கல், ஓரத்தில் ஜரிகை ரிப்பனில் ஒரு முடிச்சு. அது போய்ச் சேர்ந்த அன்று அத்தை போன் செய்தார். “கார்டு அம்சமா இருக்குடி. ஆனா மூடவே மாட்டேங்குது, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஷோகேஸ்ல வச்சா குப்புற விழுது.”

இரண்டுமே உண்மை. கனத்தை எல்லாம் முன்பக்கத்தில் ஏற்றிவிட்டு, அதைத் தாங்க வேண்டிய அடி அட்டையை 180 ஜிஎஸ்எம்மில் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) எடுத்திருந்தேன். அன்றிலிருந்து அடி அட்டைக்கு 250க்குக் குறைந்து எதையும் தொடுவதில்லை. அடுக்கு அதிகமென்றால் 300. நான் பார்த்தவரை இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கார்டு மடிய வேண்டும், கவருக்குள் போக வேண்டும், தபாலில் அடிபட்டு ஊர் போய்ச் சேர வேண்டும். அதை மறந்து, சுவரில் மாட்டும் படம் மாதிரி செய்துவிடுகிறோம்.

கவரை கடைசியில் தேடுவது

முதலில் கவரை வாங்குங்கள், அப்புறம் கார்டை வெட்டுங்கள். தலைகீழாகச் செய்தால், ஆசையாகச் செய்த சதுரக் கார்டுக்குக் கடை கடையாகக் கவர் தேடி அலைய வேண்டியதுதான். சுலபமான கணக்கு இது: ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அதைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 148 × 210. அதை மடித்தால் 105 × 148, அதாவது ஏ6 கார்டு. இதற்கென்றே இருப்பது சி6 கவர், 114 × 162 மி.மீ. ஒரு ஏ4 தாளில் இரண்டு கார்டு, துண்டுகூட மிச்சமில்லை.

ஆனால் கவரில் இருக்கும் அந்த 9 மி.மீ. இடைவெளியைத் தாராளம் என்று நினைக்காதீர்கள். கார்டு 5 மி.மீ. தடித்தால் கவர் அந்தத் தடிமனைச் சுற்றி வளைந்து போக வேண்டும். இடைவெளியில் பாதி அங்கேயே காலி. கவரை ஒட்டும்போது ஓரம் விண்ணென்று இழுத்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

எடையும் அப்படித்தான். 300 ஜிஎஸ்எம் அடி அட்டை மட்டும் 9 கிராமுக்கு மேல். மேலே 250 ஜிஎஸ்எம்மில் இரண்டு அடுக்கு வைத்தால் ஏறக்குறைய 7 கிராம். கவர் 4 கிராம். பூவும் முத்தும் இன்னும் ஏறவில்லை, அதற்குள் 20 கிராம் வந்துவிட்டது. கடிதத்துக்குத் தபால் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறுகிறது. ஸ்டாம்ப் குறைந்தால் வாழ்த்தைப் பெறுகிறவர்தான் காசு கட்டி அதை வாங்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள், போதும்.

எடையைக் குறைக்க ஒரு வழி உண்டு. நடு அடுக்கின் ஓரம் மட்டும்தானே வெளியே தெரிகிறது? அதன் மையத்தை வெட்டி எடுத்துவிட்டு, 15 மி.மீ. அகலச் சட்டமாக மட்டும் விடுங்கள். 2 கிராம் போகும். வெட்டி எடுத்த துண்டில் அதே நிறத்தில் இரண்டு பூ கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நல்ல அட்டையை முழுதாக ஒட்டிப் புதைப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

3 மி.மீ. ஓரக் கணக்கு

அடுக்கு வைக்கும்போது ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரே அளவு ஓரம் தெரிந்தால்தான் கண்ணுக்கு இதம். புதிதாகச் செய்பவர்கள் “3 மி.மீ. ஓரம் வேண்டும்” என்று நீளத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. குறைத்து வெட்டுவார்கள். ஒட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ.தான் தெரியும். அவ்வளவு மெல்லிய ஓரத்தில் கை அரை மி.மீ. நகர்ந்தாலும் கோணல் பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 6 மி.மீ. குறைக்க வேண்டும்: 105 × 148க்கு மேல் 99 × 142, அதற்கு மேல் 93 × 136. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி டை வெட்டும் மெஷின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மடிப்பு

கையால் மடித்து நகத்தால் தேய்ப்பது நோட்டுத்தாளுக்குச் சரி. 300 ஜிஎஸ்எம் அட்டையை அப்படி மடித்தால் முதுகில் விரிசல் விடும், உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டுவிட்டு மடியுங்கள். கோடு போட்ட பக்கம் பள்ளம், மறுபக்கம் மெல்லிய மேடு. மேடு கார்டின் உட்பக்கம் வர வேண்டும். நிறைய பேர் பள்ளத்தை உள்ளே வைத்து மடிக்கிறார்கள். அதுதான் இயல்பு என்று கைக்குத் தோன்றும், ஆனால் தவறு.

இன்னொன்று, காகிதத்தின் நார் ஓட்டம். அட்டையை வெட்டுவதற்கு முன் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும் வாக்கிலேயே மடிப்பு வரட்டும். கார்டு நன்றாக மூடுவதில் பாதி இதில்தான் இருக்கிறது.

மெஷினைக் குறை சொல்வதற்கு முன்

“டை சரியாக வெட்டவில்லை” என்ற புலம்பல்தான் எனக்கு அதிகம் வருகிறது. போய்ப் பார்த்தால் சில வேளை டையின் வெட்டும் விளிம்பு காகிதத்தைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். சிரிக்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன். மற்றபடி, டையையும் அட்டையையும் நடுவில் வைத்து உருளைக்குள் அனுப்பும் பலகை இருக்கிறதே, அந்தப் பிளேட்தான் அநேகமாகக் காரணம். எப்போதும் ஒரே பக்கம், ஒரே இடத்தில் வைத்து ஓட்டினால் கட்டிங் பிளேட் வில்லாக வளையும், நடுவில் குழி விழும். ஒவ்வொரு முறையும் திருப்பிப் போடுங்கள், டையை இடம் மாற்றி வையுங்கள். செவ்வக டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து ஓட்டுங்கள். நேராக வைத்தால் நீள விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மாட்டி, கைப்பிடி சுற்றவே அடம் பிடிக்கும்.

கோலம், சரிகைப் பின்னல் (லேஸ்) போன்ற நுணுக்கமான டை என்றால் முதல் ஓட்டத்தில் முழுதாக வெட்டாது. பிளேட்டுக்கு அடியில் சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றோ இரண்டோ வைத்து, டையைத் தொடாமல், மொத்த அடுக்கையும் இன்னொருமுறை ஓட்டுங்கள். அவசரப்பட்டு ஐந்தாறு தாள் வைத்துத் திணித்தால் பிளேட் விரிசல் விடும், மெஷினும் முனகும். வெட்டிய பின் பிய்த்து எடுக்காதீர்கள். டையின் பின்னால் உள்ள சின்ன ஓட்டைகள் வழியே ஊசி நுனியால் தட்டித் தட்டித் தள்ளுங்கள். வெட்டும் முன்பே டைக்கும் அட்டைக்கும் நடுவில் மெழுகுத் தாள் ஒன்றை வைத்திருந்தால் அதுவே வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம் மின்விசிறி. நெல் அளவுக்கு வெட்டிய இலை நாற்பதைத் தட்டில் பரப்பி வைத்திருக்கும்போது யாராவது வந்து “என்ன இப்படி வேர்க்குது” என்று விசிறியைப் போடுவார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெட்டியதே தெரியாமல் ஒட்டுவது

அரை மணி நேரம் மெனக்கெட்டு ஒரு நுணுக்கமான வடிவத்தை வெட்டி, அதே சாயலில் உள்ள அட்டை மேல் ஒட்டுவார்கள். இளஞ்சிவப்பின் மேல் இளஞ்சிவப்பு. இரண்டடி தள்ளி நின்றால் வெறும் கட்டமாகத்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண் காதலர் தின வாழ்த்து அட்டைகளைச் செய்து விற்றுப் பெரிய தொழிலாக வளர்த்தார். வெள்ளைக் காகிதச் சரிகைக்கு அடியில் பளிச்சென்ற வண்ணத்தாள் துண்டை வைப்பது அவர் கையாண்ட வித்தை. ஓட்டை வழியே நிறம் தெரிந்தால்தான் சரிகை சரிகையாகத் தெரியும்.

நமக்கு இதைச் சொல்லித்தர அவ்வளவு தூரம் போக வேண்டாம். செம்மண் பூசிய தரையில் வெள்ளைக் கோலம் எப்படி எழும்பி நிற்கிறது! அதே காவி நிற அட்டையில் வெள்ளைக் கோல டையை ஒட்டிப் பாருங்கள், பக்கத்தில் வேறு அலங்காரமே தேவைப்படாது. நிறம் எடுபடுமா என்று சந்தேகம் வந்தால், ஒட்டுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். அதில் வடிவம் கரைந்து போனால் நிறத்தை மாற்றுங்கள்.

தமிழ் எழுத்தும் புள்ளியும்

ஆங்கிலத்தில் வாழ்த்து வெட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. நமக்குப் புள்ளி இருக்கிறதே! ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று வெட்டினால் எழுத்துகளோடு ஐந்து புள்ளிகள் தனித்தனியாக உதிரும். ‘வாழ்த்துக்கள்’ என்று க் போட்டு எழுதுகிறவர்களுக்கு ஆறு. இலக்கணம் தெரிந்தவர்கள் க் வேண்டாம் என்பார்கள், கார்டு செய்கிறவளுக்கும் அதுதான் வசதி.

உதிர்ந்த புள்ளிகளைக் கண் அளவில் ஒட்டினால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஆடும். எழுத்தை வெட்டிய பின் மிஞ்சும் ஓட்டைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதைக் கார்டு மேல் இடம் பார்த்து வைத்து, எடுத்தால் கிழிக்காத டேப்பால் லேசாக நிறுத்துங்கள். எழுத்துகளையும் புள்ளிகளையும் பசை தடவி, அதனதன் ஓட்டைக்குள் இறக்குங்கள். தாளை எடுத்தால் எல்லாம் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும். எழுத்து உயர்ந்து நிற்க வேண்டுமென்றால், அடியில் ஃபோம் (இரண்டு பக்கமும் ஒட்டும் நுரை டேப்) வைக்கத் தேவையில்லை. அதே சொல்லை மூன்று முறை வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால் ஏறக்குறைய 1 மி.மீ. உயரம் வரும், அமுங்கவும் அமுங்காது.

ரப்பர் ஸ்டாம்ப்பில் வாழ்த்து அடிப்பதாக இருந்தால் அதை முதல் வேலையாக முடித்துவிடுங்கள். பூவெல்லாம் ஒட்டிய பின் மேடு பள்ளத்தில் அடித்தால் பாதி எழுத்துதான் விழும்.

பசையும் ஃபோம் டேப்பும்

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் பட்ட பக்கம் காகிதம் விரியும், மறுபக்கம் விரியாது, அதனால் சுருளும். பெரிய தாளுக்குப் பசையை முழுக்கப் பூசுவதுதான் இங்கே நடக்கும் தவறு. ஓரங்களில் இரட்டைப் பக்க டேப், நடுவில் இரண்டு மூன்று பொட்டு பசை, மேலே ஒரு கனமான புத்தகம். பசை ஈரமாக இருக்கும்போதே சற்று நகர்த்தி நேராக்கிக்கொள்ளலாம். வெறும் டேப்பில் அந்த மன்னிப்பு கிடையாது. செல்லோ டேப்பைச் சுருட்டி அடியில் வைப்பது வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகி மேலேயும் கறை தெரியும். ஐப்பசி மழையில் வேலை செய்தால் காய அதிக நேரம் விடுங்கள்.

நூல் மாதிரி மெல்லிய டை கட்டுக்குப் பசை தடவ முயன்று விரலெல்லாம் பிசுபிசுப்பாக்கிக்கொள்ள வேண்டாம். இரண்டு பக்கமும் ஒட்டும் தாள் கிடைக்கிறது. அதை அட்டையின் பின்னால் முதலிலேயே ஒட்டி, அப்புறம் வெட்டினால் ஸ்டிக்கராகவே வந்துவிடும்.

ஃபோம் டேப்பில் இரண்டு தவறு. ஒன்று, நான்கு மூலைக்கு மட்டும் வைப்பது. தபால் நிலையத்தில் முத்திரை டொக்கென்று விழும், கட்டுக்கட்டாக மேலே கனம் ஏறும். நடுவில் முட்டு இல்லாத தாள் தொய்ந்துவிடும். மையத்திலும் ஒரு துண்டு வையுங்கள். இரண்டு, விளிம்பு வரை ஒட்டுவது. பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளை நுரை தெரியும், 3 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால் தெரியாது. ஃபோம் டேப் 1, 2, 3 மி.மீ. தடிமன்களில் வருகிறது. கார்டு தபாலில் போவதென்றால் நான் 1 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வேன், கையில் நேராகக் கொடுப்பதென்றால் உங்கள் இஷ்டம். ஃபோம் இல்லாத காலத்தில் ஹௌலண்ட் காகிதத்தையே விசிறி மடிப்பாக மடித்து ஸ்பிரிங் போல அடியில் வைத்து மேலடுக்கைத் தூக்கி நிறுத்தினார். இன்றும் செய்யலாம். கவருக்குள் அமுங்கி, வெளியே எடுத்தால் எழுந்துகொள்ளும்.

முத்தும் கல்லும் கவரின் வலது மேல் மூலைக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப்பும் முத்திரையும் விழும் இடம் அது.

உள்பக்கம்

கருநீலத்திலும் மெரூனிலும் அட்டை எடுத்துவிட்டு, உள்ளே எழுத வெளிச்சமான இடம் விடாமல் போவது எல்லோரும் செய்வது. உள்ளே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள். முன்பக்கக் கனத்துக்கு எதிராக, அந்தத் தாளைப் பின் அட்டையின் உட்புறத்தில் ஒட்டினால் கார்டு குப்புற விழுவதும் குறையும்.

போன பொங்கலுக்கு எல்லாம் சரியாகச் செய்தேன். 1 மி.மீ. ஃபோம், நடுவில் முட்டு, காவியில் வெள்ளைக் கோலம், தராசில் 19 கிராம், உள்ளே வெள்ளைத் தாள். கவரை நன்றாகப் பசை போட்டு ஒட்டிய பிறகுதான் அந்த வெள்ளைத் தாளில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது ஞாபகம் வந்தது. பால் குக்கரின் ஆவியில் கவரைக் காட்டினேன். கவர் அழகாகத் திறந்தது. உள்ளே கார்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.