குறைந்த செலவில் டர்போ லாரி இன்ஜினைப் பிரித்துக் கட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

லாரி இன்ஜினில் வேலை என்றதும் "ஃபுல் கிட் வாங்கிப் போட்டுவிடுங்கள்" என்பார்கள். பிஸ்டன், லைனர், ரிங், பேரிங், வால்வு, டர்போ என எல்லாமே புதிது. பணம் இருப்பவர்கள் அப்படியே செய்யலாம். இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். செலவைக் குறைக்க நான் நம்பும் வழி ஒன்றுதான்: ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்ப்பது. அளவுக்குள் இருப்பதைத் திரும்பப் போடுங்கள், அளவு தப்பியதை மாற்றுங்கள். தரம் குறைந்த பாகம் வாங்கி மிச்சம் பிடித்தால், அதே இன்ஜினை இரண்டாவது முறை இறக்க வேண்டி வரும்.

வெட் லைனர் (கூலன்ட் நேரடியாகத் தொடும், கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் உறை) உள்ள டர்போ டீசல் இன்ஜினை வைத்துத்தான் இங்கே சொல்கிறேன். நான் தரும் எண்கள் ஒரு பிடிமானத்துக்கு மட்டுமே. உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மைக்ரோமீட்டர் (வெளி அளவுக்கு), போர் கேஜ் (துளையின் உள் அளவுக்கு), டயல் கேஜ் (ஆட்டமும் உயரமும் பார்க்க), ஃபீலர் கேஜ் (இடைவெளிக்கு), டார்க் ரெஞ்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்க) ஆகியவை வேண்டும். வாங்க முடியாவிட்டால் இரவல் கேளுங்கள், ஆனால் இவை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

1. பிரிக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் எரியாத டீசலோ கூலன்டோ வெளியே வருகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது. எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) பார்த்து எண்களை எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் ஒரு கதை, எல்லாமே குறைந்தால் வேறு கதை.

நீலப் புகை வந்ததும் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் அடைத்திருந்தாலும், பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்திருந்தாலும், ஏர் ஃபில்டர் மண்டிப்போயிருந்தாலும் டர்போ சீல் வழியாக ஆயில் கசிந்து எரியும். இந்த மூன்றையும் சுத்தம் செய்து பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். ஹெட் கேஸ்கெட் மட்டும்தான் கோளாறு, ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது என்றால் கிராங்கும் பேரிங்கும் உள்ள கீழ்ப்பகுதியைத் தொடவே வேண்டாம்.

2. டர்போவைப் பாருங்கள்

காற்றுக் குழாயைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். அது சகஜம், ஏனென்றால் பெரும்பாலான டர்போக்களில் பேரிங் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆடும்போது சக்கரம் கூட்டின் சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னுமான ஆட்டம் கைக்குத் தெரிவதே அரிதாக இருக்க வேண்டும். கம்ப்ரஸர் சக்கரத்தின் இறகு முனை தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது, அந்த வழியையும் தேடி அடைக்க வேண்டும்.

டர்போ போய்விட்டால் முழுதாக மாற்ற வேண்டும் என்பதில்லை. இரண்டு பக்கக் கூடுகளும் நன்றாக இருந்தால், பேலன்ஸ் செய்து வரும் நடு கார்ட்ரிட்ஜை (ஷாஃப்ட், சக்கரங்கள், பேரிங் சேர்ந்த பகுதி) மட்டும் மாற்றலாம். சீல் கிட் வாங்கி வீட்டிலேயே மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டக்கூடிய பொருளுக்கு பேலன்ஸ் மெஷின் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

3. பிரிப்பது

கழற்றும் முன்பு போட்டோ, கழற்றிய பின்பு பெயர் எழுதிய பை. புஷ்ராடுகளை அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகுங்கள். கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடி, மெயின் கேப்புகளுக்கும் அவரவர் இடம் உண்டு. கழற்றும் முன்பே எண் போடுங்கள். சில இன்ஜின்களில் ராடை உடைத்துப் பிளந்து கேப் செய்திருப்பார்கள். அதில் ஒன்றின் கேப் இன்னொன்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

காமன் ரெயில் இன்ஜினாக (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) இருந்தால் கவனம். ஓடும்போது குழாய்களில் அழுத்தம் 1,500 பாருக்கு மேலும் போகலாம். ஓடும் இன்ஜினில் கசிவைக் கையால் தொட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நிறுத்திய பிறகும் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து திறங்கள். திறந்த ஒவ்வொரு வாயையும் உடனே மூடுங்கள்.

4. சுத்தம்

பெரும்பாலானவர்கள் அவசரப்படும் இடம் இது. பிளாக்கின் ஆயில் கேலரி (உள்ளே ஆயில் ஓடும் துளைப் பாதை) பிளக்குகளைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து ஊதுங்கள். கிராங்கின் (பிஸ்டன் ராடுகள் சுழற்றும் தண்டு) ஆயில் துளைகளையும் அப்படியே செய்யுங்கள்.

பேரிங் உருகிய இன்ஜின் என்றால் ஆயில் கூலரை மாற்றிவிடுங்கள். ஒருமுறை நான் அதைக் கழுவிப் போட்டேன். நான்கைந்து முறை கழுவி, தண்ணீர் தெளிவாக வந்தது என்று நம்பினேன். உள்ளே தங்கியிருந்த உலோகத் துகள் புது பேரிங்கைக் கீறி, மறுபடியும் கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதேபோல டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலருக்குள் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர வைப்பது) ஆயிலும் துண்டுகளும் தேங்கியிருக்கும். அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சினால் சாவியை அணைத்தாலும் நிற்காமல் தானே வேகமெடுத்து ஓடும். எனவே இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி, முழுக்கக் காய வைத்துப் போடுங்கள். துண்டுகள் வெளியே வரவில்லை என்று சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

5. அளப்பது

லைனரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளங்கள். அதிகத் தேய்மானம் மேல் ரிங் திரும்பும் இடத்தில் இருக்கும். லைனரை வெளியே எடுத்தால் அதன் வெளிப்புறத்தையும் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால் அது கேவிடேஷன்: லைனர் அதிர்வதால் கூலன்டில் உண்டாகும் குமிழ்கள் உடைந்து இரும்பை அரிக்கின்றன. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய இன்ஜின்களில் இது வேகமாக நடக்கும். குழி ஆழமில்லை, உள் அளவும் சரி, மேனுவலும் அனுமதிக்கிறது என்றால் லைனரை 90 டிகிரி திருப்பிப் போட்டு மேலும் ஓட்டலாம். இதில் நல்ல தொகை மிச்சமாகும்.

கிராங்க் ஜர்னலில் (பேரிங் உட்காரும் இடம்) நகம் மாட்டும் கீறல் இருந்தாலோ, வட்டம் தப்பியிருந்தாலோ கிரைண்டிங் தேவை. அப்படி மெலிந்த ஜர்னலுக்கு ஏற்ப 0.25, 0.50 மி.மீ. என அண்டர்சைஸ் பேரிங் வரும். கிரைண்டிங் செய்பவரிடம் ஜர்னல் ஓரத்து வளைவை அதே ரேடியஸில் விடச் சொல்லுங்கள். கூர்மையாக வெட்டினால் கிராங்க் அந்த இடத்தில்தான் உடையும்.

ஹெட்டைப் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இந்த டெஸ்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் பெஞ்சில் பார்த்துவிடுங்கள். கோணலாகத் தெளிக்கும் ஒரு இன்ஜெக்டர் புது பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும்.

6. கட்டுவது

லைனரை ஹோன் செய்திருந்தால் (உட்சுவரைக் கல்லால் தேய்த்து மெல்லிய கீறல் போடுவது) டீசலில் துடைத்தால் போதாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைக்கும்போது கறை வராத வரை கழுவி, உடனே ஆயில் பூசுங்கள். லைனரை இறக்கியதும் பிளாக்கின் மேல் அது எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று டயல் கேஜில் பாருங்கள். பல இன்ஜின்களில் 0.05 முதல் 0.10 மி.மீ. அளவில் இருக்கும். குறைந்தாலோ, அடுத்தடுத்த லைனர்கள் ஏற்ற இறக்கமாக நின்றாலோ கேஸ்கெட் நிற்காது.

ரிங்கை லைனருக்குள் நேராகத் தள்ளி வாய் இடைவெளியை அளங்கள். 100 மி.மீ. போருக்கு சுமார் 0.35 முதல் 0.40 மி.மீ. என்பது தோராயக் கணக்கு. இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். எழுத்துள்ள பக்கம் மேலே, வாய்கள் ஒரே கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி.

பேரிங்கின் முதுகுப் பக்கமும் அது உட்காரும் இடமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், ஆயில் உள்பக்கத்துக்கு மட்டும். ஆயில் போடும் முன்பே பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து கிளியரன்ஸ் பாருங்கள். கிராங்கின் முன்பின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் தெளிக்கும் ஜெட்டை ராடு இடித்து வளைத்துவிடக் கூடாது. டர்போ இன்ஜினில் பிஸ்டனைக் குளிர வைப்பதே அந்த ஜெட்தான்.

சில இன்ஜின்களில் பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்பதைப் பொறுத்து ஹெட் கேஸ்கெட் தடிமன் மாறும். கோணம் வைத்து இறுக்கும் வகை ஹெட் போல்ட்டுகள் நீண்டுவிடும். மேனுவல் அனுமதித்து, நீளம் அளந்து பார்த்தாலொழிய அவற்றை மறுபடி போடாதீர்கள். டைமிங் கியர் குறிகளை இரண்டு முறை பாருங்கள். அப்புறம் டேப்பட் (வால்வு இடைவெளி) வையுங்கள்.

7. முதல் ஸ்டார்ட்

ஃபில்டரிலும் டர்போவின் ஆயில் வரும் துளையிலும் சுத்தமான ஆயில் ஊற்றுங்கள். டீசல் போகாமல் நிறுத்தி, ஆயில் பிரஷர் ஏறும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் போடுங்கள். காற்று நுழையும் வாயை முழுதாக மூடும் அளவுக்கு அகலமான, தடிமனான ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்திருங்கள். இன்ஜின் தானே வேகமெடுத்தால் அதை வைத்து அடைக்க வேண்டும். கையால் மூடவே கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் பண்ணாதீர்கள். கசிவு பார்த்த பிறகு மணிக்கணக்கில் ஐடிலிலும் விடாதீர்கள். ரிங் உட்கார மிதமான லோடு தேவை. லோடு இல்லாமல் ஓடினால் லைனர் வழுவழுப்பாகிப் பழையபடி ஆயில் குடிக்கும். சில நூறு கிலோமீட்டரிலேயே முதல் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளுக்குள் மினுமினுப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கொஞ்சம் சாம்பல் நிறத் தூள் இருப்பது சகஜம். செம்பு நிறச் செதில் தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்தி சம்பை (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றுங்கள். இன்ஜின் குளிர்ந்த பிறகு டேப்பட்டையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.